மாரி பிஸ்கற்றை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய தங்கச்சிக்கு

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும், சனசமூக நிலைய முன்றலில் கதிரை போட்டும் பாய் விரித்தும் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். இதற்கு மேல் வணக்கம் சொல்ல நேரமில்லை. எனக்கு முன்னால் பேசிவிட்டுப் போன தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், அதைக் கேட்ட நேரம் தொட்டு எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பின்னேரத் தேத்தண்ணிக்கு இன்பம் தருவது வெறும் பிஸ்கற்றா, கிறீம் பிஸ்கற்றா? கடையில் வாங்குவது மட்டும்தான் கணக்கு, வீட்டுப் பலகாரத்தை உள்ளே இழுக்கக் கூடாது, இரண்டு அணியும் பத்துக்குப் புள்ளி போட்டுக் காட்டவேண்டும் என்பது நடுவர் ஐயா போட்ட விதி. நான் வெறும் பிஸ்கற் அணி. மாரி, நைஸ், இஞ்சி பிஸ்கற், கிறீம் கிறாக்கர் எல்லாம் எங்கள் பக்கம். நடுவில் கிறீம் வைத்து மூடியவை எல்லாம் அவர்கள் பக்கம், லெமன் பவ், சொக்லேற் கிறீம், கஸ்ரட் கிறீம், வேபர்ஸ்.

தங்கச்சி என்ன சொன்னார்? "மாரி பிஸ்கற் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய சாமான். அதைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தால், வந்த விருந்தாளி தனக்கு என்ன வருத்தம் என்றுதான் யோசிப்பார்." நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள், பின்வரிசையில் விசிலும் கேட்டது. நல்ல பேச்சுத்தான், நானும் ரசித்தேன். ஆனால் தட்டிய கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தையும் கேளுங்கள்.

தங்கச்சி, மாரி பிறந்த இடம் உங்களுக்குத் தெரியுமோ? கலியாண வீடு. 1874 ஆம் ஆண்டு ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகள் மரியா அலெக்சாந்திரோவ்னாவுக்கும் விக்ரோறியா மகாராணியின் இரண்டாவது மகன் அல்பிரட்டுக்கும் கலியாணம் நடந்தது. அதைக் கொண்டாட லண்டனில் பீக் பிறீன்ஸ் என்ற பிஸ்கற் கொம்பனி புதிதாக ஒரு வட்டப் பிஸ்கற்றைச் சுட்டு, பொம்பிளையின் பெயரையே அதற்கு வைத்தது. அதுதான் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மாரி. இன்னும் கேளுங்கள். அந்த மாப்பிள்ளை அல்பிரட், கலியாணத்துக்கு நாலு வருடம் முதல், 1870 இல், எங்கள் இலங்கைக்கு வந்து போனவர். ஆகவே மாரிக்கும் எங்களுக்கும் மாப்பிள்ளை வழிச் சொந்தம் உண்டு!

கலியாணம் என்றவுடன் எனக்கு ஒரு கதையைச் சொல்லாமல் விட ஏலாது. கதைக்குரிய இரண்டு பேரும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள், அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். என்னுடைய மாமா பொம்பிளை பார்க்கப் போன கதை.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு கல்வீடு. விறாந்தையில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பொம்பிளையின் தகப்பனார் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர், ஆள் நெட்டை, கேள்வி கேட்டால் அடுத்த நொடி பதில் வரவேண்டும், பிந்தினால் அவருக்குப் பிடியாது. தட்டம் வருகிறது. தட்டத்தில் என்ன? அந்த வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் விலை கூடியதாகப் பார்த்து வாங்கி வந்த லெமன் பவ், சொக்லேற் கிறீம், மூன்று நிற வேபர்ஸ். எல்லாம் எதிரணி ஆட்கள். மூலையில் சாய்மனைக் கதிரையில் பொம்பிளையின் அம்மம்மா, அந்த ஆச்சிக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பீரிசில் மாரி, பக்கத்தில் பிளேன்ரீ.

மாமா அன்றைக்குப் புதுச்சேர்ட். கடும் நீலம், கஞ்சி போட்டு அயர்ன் பண்ணியது. மரியாதைக்கு ஒரு லெமன் பவ்வை எடுத்தார். கடித்தார். அவ்வளவுதான்! சோளகக் காற்றுக்கு ஓலைக் கூரை பறந்த மாதிரி அந்த பவ் படை படையாகப் பிரிந்து சேர்ட்டில் கொஞ்சம், மடியில் கொஞ்சம், மீசையில் கொஞ்சம் என்று போய் இருந்துவிட்டது. வாய்க்குள் போன பாதியில் கிறீம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சரியாக அந்த நேரம் பார்த்து ஸ்ரேசன் மாஸ்ரர் கேட்கிறார், "தம்பி இப்ப எங்க வேலை?"

மாமா வாயைத் திறக்க முடியாது. திறந்தால் மிச்சத் தூள் ஸ்ரேசன் மாஸ்ரரின் வேட்டியில் போய் விழும். தலையை ஆட்டுகிறார். வேலை எங்கே என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினால் என்ன விளங்கும்? அவர் திரும்பவும் கேட்கிறார், இப்போது குரல் கூடுகிறது. "தம்பி, எங்க வேலை எண்டு கேட்டனான்." தேத்தண்ணியைக் குடித்து விழுங்குவோம் என்று மாமா கோப்பையை எடுக்கிறார், அது இறக்கிய கையோடு கொண்டு வந்தது, நாக்குச் சுடுகிறது, கண்ணில் தண்ணீர். இப்போது மாப்பிள்ளை அழுகிறார்! ஸ்ரேசன் மாஸ்ரர் தரகரைப் பார்க்கிறார். தரகர் கூரையைப் பார்க்கிறார். என் அம்மம்மா பதறிப்போய், "கச்சேரியில, அவருக்கு அரசாங்கக் கச்சேரியில வேலை" என்று மகனுக்காகப் பதில் சொல்கிறார். அதோடு ஸ்ரேசன் மாஸ்ரரின் முகம் மாறிவிட்டது. பெடியனுக்குப் பேச்சு வராதோ, தரகர் மறைத்துப்போட்டாரோ என்று அவர் நினைத்தது அந்த விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் மூலையில் இருந்த ஆச்சி எழும்பி வந்தா. தன்னுடைய பீரிசைத் தூக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல நடந்து வந்து, மாமாவின் முன்னால் வைத்தா. "ராசா, அதை விடும். இதைத் தேத்தண்ணியில நனைச்சுச் சாப்பிடும்." மாமா மாரியை எடுத்தார், நனைத்தார், வாயில் வைத்தார். நனைந்த மாரி அண்ணத்தில் ஒட்டியிருந்த கிறீமையும் சேர்த்து வழித்துக்கொண்டு இறங்கியது. தொண்டை திறந்தது, குரல் வந்தது. "கச்சேரியில, காணிப் பகுதியில வேலை செய்யிறன் ஐயா." ஸ்ரேசன் மாஸ்ரர் மூச்சு விட்டார்.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களோ? இது மாமா சொல்லும் பக்கம். மாமியின் பக்கத்தைக் கேளுங்கள். மாமி அறை வாசலில் திரைச்சேலைக்குப் பின்னால் நிற்கிறா. அவ நின்ற இடத்தில் இருந்து மாப்பிள்ளையின் முகம் தெரியாது, தூண் மறைக்கிறது. வலது கை மட்டும்தான் தெரியும். அந்தக் கை மாரியை எடுக்கிறது, தேத்தண்ணியில் பாதியளவு இறக்குகிறது, ஒரு கணம் வைத்திருக்கிறது, அது உடைந்து விழமுதல் தூக்குகிறது, ஒரு துளி சிந்தவில்லை. மாமி இன்றைக்கும் சொல்லுவா, "எவ்வளவு நேரம் பொறுக்கவேணும், எப்ப தூக்கவேணும் எண்டு தெரிஞ்ச மனுசன், குடும்பத்தைக் கொண்டுபோவார் எண்டு அப்பவே நினைச்சிட்டன்." முகம் பாராமலே ஓம் சொன்ன பொம்பிளை! பார்த்தீர்களோ, மாமி தலையை ஆட்டுகிறா. மாமாவும் சிரிக்கிறார்.

மூன்றாவது பக்கம் ஒன்றும் உண்டு, அது ஆச்சியின் பக்கம். ஆச்சி இருக்கும் மட்டும் ஊரில் யாரும் கலியாணப் பேச்சு எடுத்தால், "தரகர் காசு வாங்கினவர், கலியாணத்தைச் செய்துவைச்சது நானும் என்ர விசுக்கோத்தும்" என்றுதான் சொல்லுவா. தட்டம் நிறைய கிறீம் பிஸ்கற் இருந்த வீட்டில், கலியாணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஆச்சியின் சின்னப் பீரிஸ். தங்கச்சி, இப்போது சொல்லுங்கள், விருந்தாளிக்கு முன்னால் எதை வைக்கவேண்டும்?

சரி, புள்ளிக்கு வருவோம், நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொம்பனிச் சண்டை இல்லை. 1954 இல் ஹின்னி அப்புஹாமி தொடங்கிய மலிபனும் மாரி போடுகிறது, லெமன் பவ்வும் போடுகிறது. 1968 இல் வந்த சிலோன் பிஸ்கற்ஸ்காரரின் மஞ்சியும் அப்படித்தான். எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டும் ஒரே தட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இருக்கின்றன. நான் புள்ளி போடுவது பிஸ்கற்றின் சாதிக்கு, அதுவும் தேத்தண்ணியோடு சேர்த்து. தனியே வாயில் போட்டுக் கடிப்பதற்கு வேறு நாள் வேறு பட்டிமன்றம் வையுங்கள்.

மாரிக்குப் பத்துக்கு ஒன்பது. பால் தேத்தண்ணி, பிளேன்ரீ, சாயம் கூடியது, சாயம் குறைந்தது, எல்லாவற்றோடும் போகும். ஒரு புள்ளியை ஏன் குறைத்தேன் என்றால், கார்த்திகை மழையில் திறந்த பக்கற்றை ஒரு இரவு வெளியே வைத்தால் முறுகல் போய்விடும், மூடி இறுக்கமான பழைய பால்மா ரின்னில் போட்டு வைக்கவேண்டும். இஞ்சி பிஸ்கற்றுக்கு எட்டரை. அது பிளேன்ரீயோடு மட்டும்தான் தன் முழுக் குணத்தையும் காட்டும், மழை பெய்கிற பின்னேரத்தில் தொண்டையில் இறங்கும் அந்தக் காரம் கிறீமில் ஒருநாளும் வராது. கடியும் பலமான கடி, சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவேண்டும். கிறீம் கிறாக்கருக்கு எட்டு. 1885 இல் அயர்லாந்தில் ஜேக்கப் என்ற கொம்பனி தொடங்கிவைத்த சாமான் அது, ஈஸ்ற் போட்டுப் புளிக்கவைத்து, மடித்து மடித்துத் தட்டையாக்கிச் சுடுவதால்தான் அந்தப் படைகள் வருகின்றன. உப்புச் சுவைக்காரருக்கு இதைவிட வேறு பிஸ்கற் வேண்டியதில்லை. மாஜரின் பூசி, மேலே சீனி தூவி, இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து அமத்தினால் ஓட்டைகளால் மாஜரின் புழுப் புழுவாக வெளியே வரும், அதைப் பார்க்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளை உண்டோ? நைஸுக்கு ஏழு. மேலே இருக்கும் சீனி நல்லது, ஆனால் தேத்தண்ணியிலும் சீனி போட்டவருக்கு அது கூடிப்போகும்.

எதிரணிக்கும் நியாயமாகத்தான் போட்டிருக்கிறேன். லெமன் பவ்வுக்கு ஆறு. அதன் ருசியை நான் குறைத்துப் பேசவில்லை, கனடாவில் இருந்து வருகிறவர்கள் அதைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு போகிறார்கள் என்று தங்கச்சி சொன்னதும் உண்மை. ஆனால் எலுமிச்சைப் புளிப்பும் பால் தேத்தண்ணியும் ஒரே வாயில் சந்தித்தால் இரண்டும் கெட்டுவிடும். நன்றாகச் சாப்பிடுங்கள், தேத்தண்ணிக்கு அரை மணி முதல் சாப்பிடுங்கள். சொக்லேற் கிறீமுக்கு நாலு. வேபர்ஸுக்கு மூன்று, அது தேத்தண்ணியைத் தொட்டவுடன் களிப்பட்டுவிடுகிறது.

இவர்களின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார், பிள்ளைகள் கிறீம் பிஸ்கற்றைத் திருகிப் பிரித்து கிறீமை நக்கிச் சாப்பிடுகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களோ, அதைவிட என்ன இன்பம் என்று. பார்த்திருக்கிறேன், என் வீட்டிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் நக்கி முடிந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? கையில் மிஞ்சிய இரண்டு ஓடுகளையும் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுகிறது. தோய்ப்பது எதை? வெறும் பிஸ்கற்றை. எங்கள் அணி ஆளை! கிறீமைத் தேத்தண்ணிக்கு வெளியே முடித்துவிட்டு, தேத்தண்ணிக்கு வெறும் பிஸ்கற்றைத்தான் கொண்டுவரவேண்டும் என்று நாலு வயதுப் பிள்ளைக்கே தெரிகிறது.

அவர் விலைக் கணக்கும் சொன்னார். அதை விடுவோம், இன்பத்தைப் பற்றி பேச வந்த இடம்.

நனைப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அது விளையாட்டுக் காரியம் இல்லை. இங்கிலாந்தில் லென் பிஷர் என்ற இயற்பியலாளர் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் எப்படி நனைத்தால் சரி என்று கணக்குப் போட்டு, 1999 இல் அதற்கு இக் நோபல் பரிசு வாங்கினார், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. பிஸ்கற்றுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் நிறைய. தேத்தண்ணி அவற்றின் வழியே தானாக ஏறும். ஏறுகிற சூடு உள்ளே இருக்கும் சீனியைக் கரைக்கும், மாவை ஊதவைத்து மெதுமையாக்கும், அந்த மெதுமைக்கும் உடைந்து விழுவதற்கும் இடையில் இருக்கிற சின்ன இடைவெளிக்குள்தான் தூக்கவேண்டும். மாரியில் கொழுப்புக் குறைவு, மாவை நன்றாகப் பிசைந்து இழுவை வரவைத்துச் சுடுவது, அதனால் அந்த இடைவெளியில் கொஞ்சம் பொறுத்து நிற்கும். முகத்தில் குத்தியிருக்கும் ஓட்டைகள் அழகுக்கு இல்லை, சுடும்போது நீராவி அதால் வெளியேறும், பிஸ்கற் கொப்புளிக்காமல் தட்டையாக இருக்கும். கிறீம் என்ன? சீனித்தூளும் கொழுப்பும். கொழுப்பில் தேத்தண்ணி ஏறாது. வெளி ஓடு நனைந்து நடுவில் கிறீம் வழுக்கிக்கொண்டு போய், கோப்பையில் விழுந்து உருகி, மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிற இன்பத்தைத் தங்கச்சி இங்கே விளக்கவில்லை.

அந்தத் தேத்தண்ணி சும்மா வந்ததும் இல்லை. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை நட்டார் என்று படித்தோம். ஆனால் நட்ட மலையில் குளிரிலும் அட்டைக்கடியிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்து, அந்தச் சாயத்தையும் மணத்தையும் எங்கள் கோப்பைக்கு அனுப்புவது மலையகத்து எங்கள் சொந்தங்கள். அவ்வளவு பாடுபட்டு வந்த மணத்தைச் சொக்லேற்றால் மூடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. மாரி மூடாது. தேத்தண்ணியின் மணத்தை முன்னால் விட்டுவிட்டுத் தான் பின்னால் வரும். 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்று நின்று, கடைசியில் எல்லா வீட்டிலும் பிளேன்ரீக்குத் திரும்பினோமே, அந்த நாட்களில் பிளேன்ரீக்குத் துணை நின்றது எது என்று உங்கள் குசினியைக் கேளுங்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நான் மறந்துவிட்டேன் என்று தங்கச்சி நினைத்திருப்பார்.

ஓம், மாரி ஆஸ்பத்திரிக்குப் போகும். எங்கள் பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளர் பார்க்கும் நேரத்துக்கு நின்று பாருங்கள், பருத்தித்துறை பஸ்ஸில் வந்தவர், தீவுப்பகுதியில் இருந்து வந்தவர், எல்லாருடைய கைப்பையிலும் ஒரு மாரி பக்கற் நீட்டிக்கொண்டிருக்கும். ஏன் அதைக் கொண்டு போகிறார்கள்? காய்ச்சல் விட்டு வாய்க்கசப்பு மாறாத மனுசனுக்கு, சோற்றைக் கண்டால் குமட்டுகிறவருக்கு, முதல் முதல் உள்ளே இறங்குவது தேத்தண்ணியில் நனைத்த ஒரு மாரி. அது இறங்கினால் பக்கத்தில் நிற்கிற மனைவியின் முகத்தைப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கற் அடுத்த கட்டிலுக்குப் போகும், அங்கே யாரும் பார்க்க வராத ஒரு ஐயா படுத்திருப்பார். தங்கச்சி, தேத்தண்ணி இன்பம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? சுகமாக இருக்கும்போது நாக்குக்குக் கிடைப்பதை மட்டுமோ? வருத்தத்தில் கிடந்தவன், "இன்னும் ஒரு வாய் தாங்கோ" என்று கேட்கிற அந்த நேரத்துத் தேத்தண்ணிக்குப் புள்ளி போட உங்களிடம் பத்துப் போதுமோ?

பல்லு முளைக்காத பிள்ளைக்குப் பாலில் கரைத்துக் கொடுப்பதும் அதுதான், பல்லு விழுந்த ஆச்சி நனைத்துச் சாப்பிடுவதும் அதுதான். செத்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாளில், அயல் வீட்டில் இருந்து கேத்திலில் தேத்தண்ணி வரும், கூடவே தட்டத்தில் மாரி வரும். அந்தத் தட்டத்தில் யாரும் சொக்லேற் கிறீம் வைத்து நான் கண்டதில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவை இந்த முன்றலில் இருக்கிற பெரியவர்களுக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. போருக்குப் பயந்து இடம்பெயர்ந்த வலிகாமம் முழுக்க ஒரே தெருவில், மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி. நான் அப்போது சின்னப் பெடியன். அம்மம்மாவை சைக்கிள் கரியரில் வைத்து மாமா உருட்டிக்கொண்டு வருகிறார், சைக்கிள் மிதிக்க இடமில்லை, அவ்வளவு சனம். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் போய் ஒதுங்கினோம். பனங்கட்டி கடித்துப் பிளேன்ரீ குடித்த காலம் அது, பொருளாதாரத் தடைக்குள் சீனி கைக்கு எட்டாத விலை, பிஸ்கற்றைக் கண்ணில் காண்பதே பெரிய காரியம். விடியப்புறம் யாரோ மூன்று கல்லை வைத்து நெருப்பு மூட்டித் தண்ணி கொதிக்கவைத்தார்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மா, யாருடைய தாயோ தெரியாது, தன்னுடைய உரப்பைக்குள் இருந்து ஒரு மாரி பக்கற்றை எடுத்தா. கிளாலிக் கடலால் கொழும்பில் இருந்து யாரோ கொண்டு வந்து கொடுத்ததாம், தன் பேரனுக்கு என்று வைத்திருந்தாவாம். அந்த விறாந்தையில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தா. பேரனுக்கும் பாதிதான்.

நான் அந்தப் பாதியைப் பிளேன்ரீயில் நனைத்தேன். நனைத்துவிட்டு அம்மம்மாவிடம் நீட்டினேன். அவ வாயைத் திறக்கவில்லை, "நீ தின்னு ராசா" என்றா. நடுவர் ஐயா, நான் அதற்குப் பிறகு எத்தனையோ பிஸ்கற் சாப்பிட்டுவிட்டேன், வெளிநாட்டில் இருந்து வருகிற சொக்லேற் பெட்டிகள் எங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கின்றன. அந்தப் பாதிக்குப் போடப் புள்ளி என்னிடம் இல்லை. தங்கச்சியிடம் இருந்தால் அவர் போடட்டும்.

மணி அடிக்கிறது, தெரிகிறது. ஒரு நிமிடம் மட்டும் தாருங்கள்.

இந்த ஊரிலே இப்போது எத்தனை பெரிய வீடுகளில் ஒரு ஆள் மட்டும் இருக்கிறார்? பிள்ளைகள் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் சூரிச்சில். காசு வருகிறது, வீடியோவில் முகமும் வருகிறது, பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணிக்குத்தான் ஒருவரும் வருவதில்லை. ஒரு கோப்பைக்காக அடுப்பை மூட்டுவானேன் என்று தேத்தண்ணியையே விட்டுவிட்ட ஆச்சிமாரை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், சில பேர் இந்தக் கூட்டத்தில் பின்னுக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய படலையைத் தட்டுவதற்கு ஒரு சாட்டு வேண்டும் என்றால் கடையில் ஒரு மாரி பக்கற் வாங்கிக்கொண்டு போங்கள். "ஆச்சி, பிஸ்கற் கொண்டு வந்தனான், தேத்தண்ணி ஊத்துங்கோ" என்று உரிமையோடு கேளுங்கள். அவ உங்களை இருத்திவிட்டுக் குசினிக்குள் போவா, கேத்தில் வைக்கிற சத்தம் கேட்கும். பல்லு இல்லாதவவுக்கு லெமன் பவ்வைக் கொண்டு போகாதீர்கள்.

தங்கச்சி, நீங்களும் வாருங்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, வாசிகசாலைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருந்து தொடங்குவோம், பின்னேரம் நாலு மணிக்கு. மாரி நான் வாங்குகிறேன், தேயிலை நீங்கள் கொண்டு வாருங்கள். நடுவர் ஐயா, புள்ளியைப் போடுங்கள். வணக்கம்.